மன்னிப்பு: ஆட்சியாளரின் கையெழுத்தும் பாதிக்கப்பட்டவரின் உரிமையும்

 



2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். பலருக்குக் கண் தெரியாமல் போனது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை நிரம்பியதும் சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் பெண்களும் இருந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-யிடம் ஒப்படைத்தது.

மதுவின் தீமையைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறீர்கள். இன்று எடுத்துக்கொள்ளும் விஷயம் வேறு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் குற்றவாளிகள்தானா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். அப்படித் தீர்ப்பாகித் தண்டனையும் கிடைத்துப் பல ஆண்டுகள் கழித்து, அவர்களை மன்னித்து வெளியே விடலாமா என்று ஒரு கோப்பு ஆளுநர் மேசைக்கு வரும். அப்போது மன்னிப்பது யார்? யாருடைய உரிமையை அவர் மன்னிக்கிறார்? அவருடைய பேனாவுக்கு எல்லை உண்டா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. நம் பக்கத்து மாநிலத்தில் நடந்து முடிந்த ஒன்று. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் கல்லுவாதுக்கல் என்ற ஊரில் 2000 அக்டோபரில் இதே மெத்தனால் 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பலர் பார்வை இழந்தார்கள். முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையும் 30 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதமும் விதிக்கப்பட்டது. 2022-இல் நாட்டின் 75-ஆம் ஆண்டு சுதந்திரக் கொண்டாட்டத்தை ஒட்டி, கேரள அமைச்சரவை அனுப்பிய 33 பேர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. ஆளுநர் ஆரிஃப் முஹம்மத் கான் ஒப்புதல் அளித்தார். அபராதத்தைக் கட்ட முடியவில்லை என்று வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அபராதத்தை வலியுறுத்தாமல் விடுவிக்கும்படி உத்தரவானது. சம்பவம் நடந்து 22 ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபர் மாதத்தில், அவர் வெளியே வந்தார்.

22 ஆண்டு நீண்ட காலம்தான். அவர் திருந்தியிருக்கலாம். விடுதலையே தவறு என்று சொல்வது நம் வேலையல்ல. ஆனால் கண் போனவருக்கு அந்த 22 ஆண்டும் இருட்டு. அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "இவரை விடப் போகிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும் என்ற கடமை நம் நாட்டுச் சட்டத்தில் ஆளுநருக்கு இல்லை. நாம் யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

சட்டம் போட்டிருக்கும் எல்லை

முதலில் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அரசியல் சாசனத்தின் 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும் மன்னிப்பு வழங்கவும் தண்டனையைக் குறைக்கவும் அதிகாரம் தருகிறது. அரசர்கள் கையில் இருந்த பழைய அதிகாரம் இது. ஆனால் குடியரசில் அது ஒருவரின் விருப்பமாக இருக்க முடியாது. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று 1980-இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-இல் ஏப்புரு சுதாகர் வழக்கு வந்தது. ஆந்திராவில் ஓர் அரசியல் கட்சிக்காரருக்கு ஆளுநர் தண்டனைக் குறைப்பு வழங்கியிருந்தார். எதிர்த்து நீதிமன்றம் போனவர் கொலையானவரின் மகன். அந்த மன்னிப்பு ரத்து செய்யப்பட்டது. மதம், ஜாதி, அரசியல் விசுவாசம் ஆகியவற்றைப் பார்த்து மன்னிப்பு வழங்கக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு, தேவையான விவரங்களைப் பார்க்காமல் வழங்கினால் நீதிமன்றம் தலையிடும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவதும் அநியாயம்தான். மரண தண்டனைக் கைதியின் மனுவைக் காரணமின்றி நீண்ட காலம் தாமதித்தால் அதற்காகவே தண்டனையைக் குறைக்கலாம் என்று 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் தீர்ப்பு வந்தது. மறு மாதமே பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. அவர்களின் கருணை மனு குடியரசுத் தலைவரிடம் 11 ஆண்டுகள் கிடந்திருந்தது.

ஆக, சட்டம் ஆளுநரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. நியாயமான காரணம் வேண்டும். உரிய நேரத்தில் முடிவு வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் வேண்டும் என்று மட்டும் அது கேட்பதில்லை. ஏனென்றால் நம் நாட்டின் குற்றவியல் சட்டத்தில் கொலை என்பது அரசுக்கு எதிரான குற்றம். வழக்கை நடத்துவதும் அரசு, தண்டிப்பதும் அரசு, மன்னிப்பதும் அரசு. இறந்தவரின் மனைவி வெறும் சாட்சி.

மார்க்கம் எங்கிருந்து தொடங்குகிறது

மார்க்கமோ இறந்தவரின் வீட்டிலிருந்து தொடங்குகிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் பொறுப்பாளருக்கு அல்லாஹ்வே அதிகாரம் கொடுத்திருப்பதாகவும், அவர் அதில் வரம்பு மீறக் கூடாது என்றும் 17:33 வசனம் பேசுகிறது. மன்னிக்கும் வாசலை 2:178 திறந்து வைக்கிறது. அதில் கொலையாளியை வாரிசின் சகோதரன் என்று அல்லாஹ் குறிப்பிடுவதைக் கவனியுங்கள். இவ்வளவு நடந்த பிறகும் அந்த உறவு அறுந்துவிடவில்லை. ஆனால் அந்த வாசலின் சாவியை வாரிசின் கையில்தான் கொடுக்கிறான். கலீஃபாவின் கையிலோ காழியின் கையிலோ கொடுக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களிடம் பழிவாங்கும் உரிமை சம்பந்தமான எந்த வழக்கு வந்தாலும் மன்னிக்கும்படியே தூண்டுவார்கள் என்று அனஸ் (ரலி) அறிவித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. தூண்டுவார்கள், அவ்வளவுதான். ஆட்சித் தலைவர், அல்லாஹ்வின் தூதர், எல்லோரும் உயிரைவிட நேசித்தவர். "நான் மன்னித்துவிட்டேன், நீ போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் எதிர்த்திருப்பார்கள்? சொல்லவில்லை. இறந்தவரின் உறவினரைப் பார்த்துக் கேட்டார்கள்.

உலமாக்கள் இதனால்தான் ஹக்குல்லாஹ், ஹக்குல் இபாத் என்று பிரித்தார்கள். அல்லாஹ்வின் உரிமை ஒன்று, அடியார்களின் உரிமை ஒன்று. தஃஸீர் எனப்படும் பொதுத் தண்டனைகளைக் குறைக்கவும் விடவும் ஆட்சியாளருக்கு இடமுண்டு. பொதுநலன் கருதி அவர் செய்யலாம். அடியாரின் உரிமை அதில் கலந்துவிட்டால் அந்தப் பகுதியில் அவர் கை நீளாது. ஷஹீதின் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்ற ஹதீஸ் முஸ்லிமில் வருகிறது. ஷஹீதாக இருந்தாலும் பிறருக்குத் தர வேண்டியதைத் தந்தாக வேண்டும் என்று அர்ஹமுர் ராஹிமீன் வைத்திருக்கும்போது, ஒரு ஆளுநர் எம்மாத்திரம்?

இந்தப் பிரிவினையைக் கடுமையாகச் சோதித்த சம்பவம் ஒன்று நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டு மறைந்தபோது, அவர்களின் மகன் உபைதுல்லாஹ் ஆத்திரத்தில் வாளெடுத்துப் போய், சதியில் பங்கு இருப்பதாகச் சந்தேகித்த ஹுர்முஸானைக் கொன்றுவிட்டார். இன்னும் இருவரையும் கொன்றார்; அவர்களில் ஒருத்தி சிறுமி. விசாரணையும் இல்லை, நிரூபணமும் இல்லை. புதிதாகப் பொறுப்பேற்ற உஸ்மான் (ரலி) அவர்களின் முன் வந்த முதல் வழக்கே இதுதான். நேற்று தகப்பன் கொல்லப்பட்டார், இன்று மகனையும் கொல்வதா என்று ஒரு சாரார் கேட்டார்கள். பழிக்குப் பழிதான் தீர்ப்பு என்பது அலீ (ரலி) அவர்களின் கருத்து. வரலாற்றாசிரியர்கள் முடிவைப் பலவிதமாக அறிவிக்கிறார்கள். ஹுர்முஸானின் மகனே மன்னித்தார் என்றும் ஒரு அறிவிப்பு உண்டு. பிரபலமான அறிவிப்பின்படி, வாரிசு இல்லாதவர்களுக்கு நானே வாரிசு என்ற முறையில் உஸ்மான் (ரலி) அவர்கள் பழிவாங்கலை தியத்தாக மாற்றி, அந்தத் தொகையைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்கள்.

இரண்டு விஷயங்கள் இதில் கவனிக்க வேண்டியவை. கலீஃபா என்ற பதவி மட்டும் போதும் என்று உஸ்மான் (ரலி) அவர்கள் கருதவில்லை. வாரிசின் இடத்தில் நின்றுதான் மன்னிக்க முடிந்தது. அடுத்து, மன்னிப்பின் விலையை பைத்துல் மாலின் தலையில் கட்டவில்லை. அப்படியும் அலீ (ரலி) போன்ற பெரியவரின் மனம் அதில் ஒப்பவில்லை. கொன்றவர் உமருடைய மகனாக இல்லாமல், மதீனாவின் சாதாரணக் கூலியாளாக இருந்திருந்தால் இந்தச் சலுகை கிடைத்திருக்குமா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை ஆட்சியாளர்களின் ஒவ்வொரு மன்னிப்புக்குப் பின்னாலும் நிற்கிறது.

ஒரே ஆளுநர், இரண்டு கோப்புகள்

நம் தமிழ்நாட்டிலேயே பாருங்கள். 2018 செப்டம்பர் 9 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஏழு பேரையும் விடுவிக்க அமைச்சரவை ஆளுநர் பன்வாரிலால் புரோஹித்துக்குப் பரிந்துரைத்தது. அதே அமைச்சரவை அதே காலகட்டத்தில் தர்மபுரி பேருந்து எரிப்பு வழக்கின் மூன்று ஆயுள் கைதிகளையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. கல்வராயன் மலைக்கு மேற்கே இருக்கிறது தர்மபுரி. அங்கு 2000 பிப்ரவரி 2 அன்று, ஒரு தலைவருக்குத் தண்டனை கிடைத்த கோபத்தில் கட்சிக்காரர்கள் பேருந்தைக் கொளுத்தியதில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் எரிந்து இறந்தார்கள். தர்மபுரி கோப்பை ஆளுநர் முதலில் திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தபோது ஏற்றார். நவம்பரிலேயே மூவரும் வெளியே வந்துவிட்டார்கள். கொளுத்தியவர்களும் பரிந்துரைத்த அரசும் ஒரே கட்சி. பேரறிவாளன் கோப்போ இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்து, பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. அற்புதம்மாள் என்ற அந்தத் தாய் 31 ஆண்டுகள் நடையாய் நடந்தார்.

மக்ஸூம் குலத்துப் பெண் திருடியபோது அவளுக்காக உஸாமா (ரலி) பரிந்து பேச வந்த சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உயர்ந்தவன் தப்பு செய்தால் விட்டுவிட்டு, எளியவன் செய்தால் தண்டித்ததால்தான் முந்தைய சமுதாயங்கள் அழிந்தன என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தம் மகள் ஃபாத்திமாவாக இருந்தாலும் இதுதான் என்றார்கள். தண்டனைக்குச் சொன்னது மன்னிப்புக்கும் பொருந்தாதா?

ராஜீவ் வழக்கிலேயே நமக்குப் பரிச்சயமான ஒரு பெயரும் வருகிறது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான ஃபாத்திமா பீவி அவர்கள் அப்போது தமிழக ஆளுநர். 1999-இல் நால்வரின் கருணை மனுவை அமைச்சரவையைக் கேட்காமல் நிராகரித்தார். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, அமைச்சரவையின் ஆலோசனை வேண்டும் என்றது. 2000 ஏப்ரலில் அமைச்சரவை நளினிக்கு மட்டும் தண்டனைக் குறைப்புப் பரிந்துரைத்தது, ஆளுநர் ஏற்றார். நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களில் சோனியா காந்தியும் ஒருவர். கணவனை இழந்தவர், நளினியின் சிறு குழந்தையை நினைத்து விட்டுக்கொடுத்தார். அது அவருடைய உரிமை, பெரிய மனது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் அந்த இரவு ராஜீவோடு காவலர்களும் தொண்டர்களுமாகப் பலர் இறந்தார்கள். அவர்களுடைய மனைவி மக்களும் வாரிசுகள்தான். சோனியா காந்தி தம் பங்கை மன்னிக்கலாம். அவர்களுடைய பங்கையும் சேர்த்து மன்னிக்க அவருக்கும் முடியாது, ஆளுநருக்கும் முடியாது. வழக்கு "ராஜீவ் கொலை வழக்கு" என்று பெயர் பெற்றதில் மற்றவர்கள் மறைந்துபோனார்கள்.

இலங்கையில் 2000 டிசம்பரில் மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற ராணுவ வீரரை ஜனாதிபதி கோட்டாபய 2020 மார்ச்சில் மன்னித்தார். அந்த வீட்டாரிடம் அவர் கேட்டாரா? அதே ஜனாதிபதி முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்கு வழங்கிய மன்னிப்பைக் கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தார்கள். 2024 ஜனவரியில் அது ரத்தானது. ஜனாதிபதியின் கையெழுத்துக்கும் மேலே கேள்வி கேட்கலாம் என்று காட்டியது அந்த வீட்டுப் பெண்கள்தான்.

நம் பக்கத்துக் கணக்கு

சகோதரர்களே, இதுவரை சொன்னதைக் கேட்பது எளிது. இனி வருவது நம்மைப் பற்றியது.

2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கீஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகளை குஜராத் அரசு விடுவித்தபோது நம் மிம்பர்கள் கொதித்தன. நியாயமான கொதிப்பு. அது ஆளுநரின் மன்னிப்பு அல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அரசு செய்த தண்டனைக் குறைப்பு. எந்த வழியானாலும் பில்கீஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்தவர்களுக்கு மாலை விழுந்தது. ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷீ இஸ்லாத்தை ஏற்று வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரைத் தண்டிக்கவில்லை; ஆனால் முடிந்தால் தம் கண் முன்னால் வராமல் இருக்கச் சொன்னார்கள். மன்னிக்கப்பட்டவர் அதை ஏற்றுத் தலைகுனிந்து வாழ்ந்தார். மன்னிப்பு பெற்றவனுக்கு மாலை போடும் ஊரில் மன்னிப்பு என்ற சொல்லே கெட்டுவிடுகிறது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், விசாரணை மகாராஷ்டிராவில் நடந்ததால் குஜராத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொல்லி, 11 பேரையும் மறுபடி சிறைக்கு அனுப்பியது.

அதே ஆண்டுகளில் நாம் இன்னொரு கோரிக்கையும் வைத்துக்கொண்டிருந்தோம். நீண்ட காலச் சிறைவாசிகளாக இருக்கும் முஸ்லிம்களை விடுவிக்க வேண்டும் என்ற கோரிக்கை. அண்ணா பிறந்தநாள் விடுதலைகளில் மதக் கலவர வழக்குக் கைதிகள் ஒதுக்கப்பட்டார்கள். 20 ஆண்டுக்கு மேல் சிறையில் நோயாளிகளாகிப் போனவர்கள் இருந்தார்கள். நீதிபதி ஆதிநாதன் குழுவுக்குப் பிறகு 2023 ஆகஸ்டில் 49 கைதிகளின் கோப்பு ஆளுநர் ஆர்.என்.ரவிக்குப் போனது, அதில் 20 பேர் முஸ்லிம்கள். மற்றவர்களுக்குக் கிடைக்கும் சலுகை மதத்தைக் காரணமாக்கி மறுக்கப்படக் கூடாது என்ற நம் வாதம் சரியானது. ஏப்புரு சுதாகர் தீர்ப்பும் அதைத்தான் சொல்கிறது.

ஆனால் 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்காகவும் நாம் பேசுகிறோம். பில்கீஸிடம் ஏன் கேட்கவில்லை என்று கேட்ட அதே வாய், கோவையில் மகனை இழந்த வீட்டிடம் என்ன கேட்டது? அவர்கள் முஸ்லிம் அல்ல என்பதால் ஹக்குல் இபாத் கரைந்துவிடுமா? ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று 5:8-இல் அல்லாஹ் எச்சரிக்கிறான். உறவினருக்கு எதிராகவே ஆனாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறான் 4:135-இல். விடுதலைக் கோரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. அந்த மனுவைக் கொண்டுபோகும் ஜமாஅத், கூடவே அந்த 58 வீடுகளையும் தேடிப் போயிருக்க வேண்டும். போய் மன்னிப்பு கேட்டு, அவர்கள் திட்டினால் கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். மன்னித்துச் சீர்திருத்தியவரின் கூலி அல்லாஹ்விடம் என்கிறது 42:40. அந்தச் சீர்திருத்தம் ஆளுநர் மாளிகையில் நடக்கிற வேலை அல்ல.

கருணாபுரமும் கல்வராயன் மலையும்

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வருவோம்.

"குடித்துச் செத்தவனுக்கு என்ன உரிமை?" என்று நம்மில் சிலர் அப்போது கேட்டார்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது அந்தக் குரல் இன்னும் உரத்தது. குடித்தது பாவம், அந்தக் கணக்கு அல்லாஹ்வுக்கும் அவருக்கும் நடுவில். விஷத்தைக் கொடுத்தது அவருக்குச் செய்த அநியாயம். அந்தக் கணக்கு விற்றவனுக்கும் அவருக்கும் நடுவில். ஒரு பாவத்தைக் காட்டி இன்னொரு கணக்கை அழிக்க முடியாது. தொழாதவன் வீட்டில் திருடினாலும் திருட்டுதான்.

அந்த 10 லட்சம் தியத் ஆகுமா? ஆகாது. தியத் என்பது கொன்றவனோ அவனைச் சார்ந்தவர்களோ கொடுப்பது. உஸ்மான் (ரலி) அவர்கள் கொடுத்தது சொந்தப் பணம். இது நீங்களும் நானும் கட்டிய வரியிலிருந்து போனது. ஆதரவற்ற குடும்பத்துக்கு அரசு செய்ய வேண்டிய உதவி என்ற அளவில் அது சரி. அதை வாங்கியதால் அந்த விதவை எதையும் மன்னித்துவிட்டதாக ஆகாது. விற்றவன் கையிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை.

இனி மலை. சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் கூட்டம் கூட்டமாகக் கல்வராயன் மலை ஏறியது. ஊறல் பானைகளை உடைத்தார்கள். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது வெல்லமும் மரப்பட்டையும் போட்டு மலையில் காய்ச்சும் சாராயம் அல்ல. மெத்தனால் ஆலைகளில் புழங்கும் ரசாயனம். அது மலையில் ஊறுவதில்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் கூலியில்லாமல் உழைத்த மலையாளிப் பழங்குடிகள் வாழும் இடம் அது. சாலை, பள்ளி, வேலை எதுவும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதால்தான், இந்தச் சாவுகளுக்குப் பிறகு உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அம்மக்களின் வாழ்க்கை நிலை குறித்து வழக்கெடுத்தது. காய்ச்சுவதை நியாயப்படுத்தவில்லை, ஹராம் ஹராம்தான். ஆனால் கூலிக்கு மூட்டை சுமந்தவனும், மெத்தனாலை வாங்கிக் கலந்து லாபம் பார்த்தவனும், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரியும் ஒன்றல்ல. மன்னிக்கும் அதிகாரம் என்ற ஒன்று சட்டத்தில் இருப்பதே இந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான். விதி எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தும்போது, வறுமையில் மாட்டியவனை இறக்கிவிட ஒரு கை வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? மனு எழுதத் தெரிந்தவனுக்கும் கட்சியில் ஆள் உள்ளவனுக்கும்தான் கோப்பு நகர்கிறது. வெள்ளிமலைக்கு மேலே இருப்பவனுக்கு ஆளுநரிடம் மனு போடலாம் என்பதே தெரியாது.

2024 ஜூன் இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் சிறை வரை தண்டனை. ஆனால் புதிய கடுமையான தண்டனையை முன்பு நடந்த குற்றத்துக்குப் போட அரசியல் சாசனத்தின் 20-ஆவது பிரிவு இடம் தராது. எனவே கருணாபுரம் வழக்கில் பழைய சட்டத்தின்படியே தீர்ப்பாகும். தண்டனை எத்தனை ஆண்டானாலும், ஏதோ ஒரு தலைவரின் நூற்றாண்டு, ஏதோ ஒரு சுதந்திர தினம் வரும்; அன்றைக்கு ஒரு பட்டியல் தயாராகும்.

ஸஃப்வான் பின் உமைய்யா (ரலி) அவர்களின் சம்பவத்தை இங்கே சேர்த்துப் பாருங்கள். தலைக்கு வைத்துத் தூங்கிய போர்வையை ஒருவன் திருடினான். பிடித்துக் கொண்டுவந்து, தண்டனை தீர்ப்பானதும் அவர் மனமிரங்கி, போர்வையை அவனுக்கே கொடுத்துவிட்டேன் என்றார். என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே இதைச் செய்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மன்னிப்பு மனிதர்களுக்கு நடுவில், ஆட்சியாளரின் வாசலுக்கு வருமுன் நடக்க வேண்டியது. அங்கே நடக்காவிட்டால் ஆட்சியாளரின் பேனா அந்தக் குறையை நிரப்பாது.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதி ஜமாஅத்துகளில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கருணாபுரத்தில் தாய் தகப்பன் இருவரையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகள் உண்டு. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, குற்றவாளி விடுதலை கேட்டால் எதிர்ப்போ சம்மதமோ எழுதிக் கொடுக்கலாம், அந்த விடுதலையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு யார் சொல்வார்கள்? நம்மில் வக்கீல்கள் இருக்கிறார்கள், படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் முஸ்லிம்களாக இருக்க வேண்டியதில்லை, நாமும் தஃவா செய்யப் போகவில்லை. மலையில் சிறைக்குப் போனவனின் வீட்டிலும் இதே கேள்வி உண்டு, அங்கேயும் போகலாம். கல்லுவாதுக்கல்லுக்கு 22 ஆண்டு ஆனது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், 2024-இல் பத்து வயதில் இருந்த கருணாபுரத்துப் பிள்ளைக்கு அந்தக் கோப்பு வரும்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். கையெழுத்துப் போடப் போகிறவர் அவரைக் கூப்பிட்டுக் கேட்கும்படி எந்தச் சட்டமும் இன்றுவரை சொல்லவில்லை.